பிட்ஆக்ஸ் போர்டைப் புதிய சிப்புக்கு மாற்றி அமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் பம்புசெட் ஸ்டார்ட்டர்களின் கட்டுப்பாட்டு போர்டுகளைப் பழுது பார்ப்பது எங்கள் பட்டறையின் அன்றாடத் தொழில். அதற்கிடையே, பிஎம்1366 சிப்புக்காக வரையப்பட்ட பிட்ஆக்ஸ் போர்டு ஒன்றை பிஎம்1370 சிப்பை ஏற்கும்படி மாற்றி அமைத்தோம். அதைப் பார்த்துவிட்டுத் திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கங்களிலிருந்து வந்து கேட்ட நண்பர்களின் கேள்விகளும், அவர்களுக்கு நாங்கள் சொன்ன பதில்களும் இங்கே உள்ளன. மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் பிடித்துப் பழகியவர்களை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது.

பிட்ஆக்ஸ் என்பது என்ன?

பிட்காயின் பரிவர்த்தனைகளின் அடுத்த தொகுப்பை (பிளாக்) பதிவு செய்யும் வாய்ப்புக்காக, ஹேஷ் என்னும் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சரியான விடையைத் தேடுவதே மைனிங். அதைச் செய்யும் பெரிய இயந்திரங்களில் நூற்றுக்கணக்கான சிப்புகள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, உள்ளங்கை அளவுள்ள போர்டில் வைத்து ஓட்டுவதே பிட்ஆக்ஸ். போர்டின் வரைபடங்களும் அதில் ஓடும் மென்பொருளும் எவரும் எடுத்துத் திருத்தும்படி திறந்த முறையில் வெளியிடப்பட்டுள்ளன. சிப்பை ஆளும் மூளையாக இஎஸ்பி32-எஸ்3 என்னும் மைக்ரோ கன்ட்ரோலர் இருக்கிறது. வைஃபை இணைப்பையும், பூலுடன் (பலரும் சேர்ந்து மைனிங் செய்ய வேலையைப் பிரித்துத் தரும் சர்வர்) பேசுவதையும், ஃபேனின் வேகத்தையும் அதுவே கவனித்துக்கொள்கிறது. அதில் ஓடும் ஃபர்ம்வேரின் பெயர் இஎஸ்பி-மைனர். உலாவியில் திறந்து பார்க்கும் அதன் பக்கத்துக்கு ஆக்ஸ்ஓஎஸ் என்று பெயர். ஹேஷ் கணக்கைச் செய்யும் சிப் மட்டும் பிட்மெயின் நிறுவனம் தன் ஆன்ட்மைனர் இயந்திரங்களுக்காகச் செய்தது. போர்டு முழுவதும் திறந்த வடிவமைப்பாக இருந்தும், அதன் நடுவிலிருக்கும் சிப் மூடிய பெட்டி என்பதிலிருந்தே கீழே வரும் தொல்லைகளில் பாதி பிறக்கின்றன.

புதிய சிப், பழைய சிப் என்பதை எப்படிப் பிரிப்பது?

பிட்ஆக்ஸில் இதுவரை நான்கு தலைமுறைகள் பரவலாகப் பயன்பட்டுள்ளன. ஆன்ட்மைனர் எஸ்17 வரிசையின் பிஎம்1397 சிப் மேக்ஸ் என்ற போர்டிலும், எஸ்19 எக்ஸ்பி இயந்திரத்தின் பிஎம்1366 அல்ட்ராவிலும், எஸ்21-இன் பிஎம்1368 சூப்ராவிலும், எஸ்21 ப்ரோவின் பிஎம்1370 காமாவிலும் வருகின்றன.

இவற்றை ஒப்பிட விளம்பரத் தாள் தேவையில்லை. சிப்பினுள் இருக்கும் சிறு கோர்களின் எண்ணிக்கையை மெகாஹெர்ட்ஸ் அளவால் பெருக்கினால் வேகம் கிடைத்துவிடும். பிஎம்1397-இல் 672 சிறு கோர்கள், பிஎம்1366-இல் 894, பிஎம்1368-இல் 1276, பிஎம்1370-இல் 2040. ஒவ்வொரு கோரும் ஒரு துடிப்புக்கு ஒரு ஹேஷ் போடுவதாகக் கொண்டால், 485 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பிஎம்1366 வினாடிக்கு ஏறத்தாழ 434 கிகா (நூறு கோடி) ஹேஷும், 525 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பிஎம்1370 ஏறத்தாழ 1.07 டெரா (லட்சம் கோடி) ஹேஷும் தர வேண்டும். திரையில் காணும் எண் இந்தக் கணக்கை விட நெடுநேரம் கீழே நின்றால், சில கோர்கள் வேலை செய்யவில்லை அல்லது விடைகள் வழியில் தொலைகின்றன என்று பொருள். இந்தப் பெருக்கலை நினைவில் வைத்திருப்பது பின்னால் பிழை தேடும்போது மிகவும் உதவும்.

காமா போர்டு ஏற்கெனவே இருக்கும்போது, அல்ட்ராவின் வரைபடத்தை ஏன் மாற்ற வேண்டும்?

நியாயமான கேள்வி. ஓடுகிற போர்டு ஒன்று கையில் வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் காமாவின் வரைபடத்தை அப்படியே அச்சிடுவதே நல்லது. எங்களுக்கு ஃபேன் பெரிதாக வேண்டும், மின் இணைப்புக்குத் திருகு டெர்மினல் வேண்டும், பாகங்களில் இயன்றவரை இங்கே கடையில் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்ற தேவைகள் இருந்தன. அதைவிட, அடுத்த சிப் வரும்போது பிறர் வரையும்வரை காத்திராமல் இருக்க வேண்டுமானால் ஒரு முறையாவது சொந்தமாக மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். காமாவின் வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்தோம் என்பதை மறைக்கவில்லை.

பழைய சிப்பை எடுத்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் ஒட்டிவிட முடியாதா?

முடியாது. தோட்டத்துக் கிணற்றில் 5 எச்.பி. மோட்டாரை எடுத்துவிட்டு 7.5 எச்.பி. இறக்குகிறவர், ஸ்டார்ட்டரையும் கேபிளையும் குழாயையும் பார்க்காமல் சுவிட்சைப் போடுவதில்லை. இங்கும் அதே நிலைதான். சிப்பின் அடிப்புறத் தடங்களின் அமைப்பு வேறு, குடிக்கும் ஆம்பியர் வேறு, பேசும் முறை வேறு. இவை மூன்றையும் ஒருசேரச் சரி செய்யாமல் சிப்பை மட்டும் மாற்றினால், நல்ல வேளையாக இருந்தால் போர்டு பேசாமல் இருக்கும், இல்லையேல் புகையும்.

மின் வழங்கலில் என்ன மாற்ற வேண்டும்?

எங்கள் வேலையில் பாதிக்கு மேற்பட்ட நேரம் இதில்தான் சென்றது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் கணக்கு. எஸ்19 எக்ஸ்பி இயந்திரத்துக்கு ஒரு டெரா ஹேஷுக்கு 21.5 ஜூல் என்றும், எஸ்21 ப்ரோவுக்கு 15 ஜூல் என்றும் தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். இதைக் கேட்டதும் புதிய சிப் குறைவாகத்தான் குடிக்கும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஒரு ஹேஷுக்குக் குறைவு என்பது சரியே. ஆனால் ஹேஷ்களின் எண்ணிக்கை இரண்டரை மடங்காகிவிட்டது. 434 கிகா ஹேஷுக்கு 21.5 வீதம் ஏறத்தாழ 9.3 வாட்; கோரின் மின்னழுத்தம் 1.2 வோல்ட் என்றால் 8 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. 1.07 டெரா ஹேஷுக்கு 15 வீதம் 16 வாட், மின்னழுத்தம் 1.15 வோல்ட் என்றால் 14 ஆம்பியர். போர்டின் செம்புத் தடத்தில் 5 மில்லி ஓம் மின்தடை இருந்தால் 14 ஆம்பியரில் 70 மில்லி வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். ஏறத்தாழ ஒரு வாட் வெப்பமும் அங்கே பிறக்கும். 1150 மில்லி வோல்ட்டில் ஓட வேண்டிய சிப்புக்கு 1080 மட்டுமே சென்றால், சில கோர்கள் தவறான விடை தரத் தொடங்கும். ரெகுலேட்டரின் வாயிலில் மீட்டரை வைத்துப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். சிப்பின் காலடியில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் குறை தெரியும்.

எனவே ரெகுலேட்டரைச் சிப்புக்கு இயன்றவரை அருகில் கொண்டுவந்தோம். செம்பு அடுக்குகளைப் பல துளைகளால் பிணைத்தோம். மின்னழுத்தத்தை அளந்து திருத்தும் உணர்வுக் கம்பிகளை ரெகுலேட்டரின் வாயிலிலிருந்து எடுக்காமல், சிப்பின் காலடியிலிருந்தே தனியாக இழுத்துவந்தோம்.

அடுத்தது ரெகுலேட்டரே. அல்ட்ராவில் டிபிஎஸ்40305 என்ற கன்ட்ரோலரும், அதன் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்க டிஎஸ்4432 என்ற சிறிய ஐசியும், உள்வரும் மின்னோட்டத்தை அளக்க ஐஎன்ஏ260 என்ற ஐசியும் தனித்தனியாக இருந்தன. காமாவில் இவற்றுக்குப் பதிலாக, 40 ஆம்பியர்வரை தாங்கக்கூடிய டிபிஎஸ்546டி24ஏ என்ற ஒரே ஐசி வந்துவிட்டது. இதற்கு மின்னழுத்தத்தை எண்ணாகவே கட்டளையிடலாம். எவ்வளவு ஆம்பியர் ஓடுகிறது, தன் உடல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை அதுவே திருப்பிச் சொல்லும். பழைய கன்ட்ரோலரையே பெரிய மாஸ்ஃபெட்டுகள் போட்டு ஓட்டிவிடலாம் என்று முதலில் முயன்றோம். ஓடியது, ஆனால் மாஸ்ஃபெட்டுகள் தொட முடியாத அளவுக்குச் சுட்டன. இரண்டாவது முயற்சியில் புதிய ஐசிக்கே மாறினோம். சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் அதுவல்ல.

இஎஸ்பி32 பேசுவது 3.3 வோல்ட்டில். மைனிங் சிப்பின் பேச்சுக் கம்பிகள் அதைவிட மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்குபவை. நடுவில் நிலைமாற்றி ஐசி இல்லாமல் நேராக இணைத்தால் சிப்பின் வாயிலே எரிந்துவிடும். தலைமுறை மாறும்போது இந்த மின்னழுத்தமும், சிப்பின் உட்பகுதிக்குத் தர வேண்டிய சிறு மின் வழங்கல்களும் மாறக்கூடும் என்பதால், பழைய வரைபடத்தின் எண்களை அப்படியே நம்பாமல், அந்தச் சிப் இருக்கும் அசல் ஹேஷ் போர்டில் மீட்டரை வைத்து அளந்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பழைய அடாப்டரையே பயன்படுத்தலாமா?

பெரும்பாலும் கூடாது. சிப்புக்கு 16 வாட், மாற்றும்போது இழப்பு, ஃபேனுக்கும் இஎஸ்பி32-க்கும் சேர்த்து 2 வாட் என்று வைத்தால், 5 வோல்ட்டில் ஏறத்தாழ 4 ஆம்பியர் வேண்டும். அல்ட்ராவுக்குப் போதுமாயிருந்த 3 ஆம்பியர் அடாப்டர் இங்கே மூச்சுத் திணறும். கம்பியின் தரத்தையும் பார்க்க வேண்டும்: 4 ஆம்பியர் ஓடும் கம்பியில் 0.1 ஓம் இருந்தாலே 0.4 வோல்ட் போய்விடும். 5 வோல்ட்டில் 6 ஆம்பியர் தரும் நல்ல அடாப்டரும், நீளம் குறைந்த தடித்த கம்பியுமே எங்கள் பரிந்துரை.

ஓர் எச்சரிக்கை. வீட்டு ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டருக்கும் இந்தப் போர்டின் 5 வோல்ட் அடாப்டருக்கும் பெரும்பாலும் ஒரே அளவுள்ள முனைதான். பட்டறையில் ஒரு மாலை நேர அவசரத்தில் நாங்களே மாற்றிச் சொருகி, இரண்டு வாரம் உழைத்துச் செய்த போர்டை ஒரு நொடியில் இழந்தோம். திருகு டெர்மினலுக்கு மாறியதற்கு உண்மையான காரணம் அதுதான்.

தரவுத்தாள் கிடைக்காத சிப்பைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டார்கள்?

பிட்மெயின் இந்தச் சிப்புகளின் தரவுத்தாள்களைப் பொதுவில் வெளியிடுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆன்ட்மைனரில் கட்டுப்பாட்டு போர்டுக்கும் ஹேஷ் போர்டுக்கும் இடையே செல்லும் கம்பிகளில் லாஜிக் அனலைசரை மாட்டி, எந்தக் கட்டளைக்கு என்ன பதில் வருகிறது என்று ஆர்வலர்கள் ஒட்டுக்கேட்டே இதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் தொகுத்தவை இஎஸ்பி-மைனரின் நிரலிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு சிப்புக்கும் தனிக் கோப்பு உண்டு. புதிய சிப் ஒன்றைத் தொடும் முன் பழைய நான்கு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், எவை மாறாமல் வருகின்றன, எவை ஒவ்வொரு முறையும் மாறுகின்றன என்பது புலப்படும்.

ஃபர்ம்வேரில் மாறுபவை எவை?

மாறாதவற்றை முதலில் சொல்லிவிடலாம். பேச்சு சாதாரண சீரியல் கம்பியில், 115200 வேகத்தில் தொடங்குகிறது; பிறகு வேகம் கூட்டப்படுகிறது. அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் 55 ஏஏ என்ற இரண்டு பைட்டுகளோடும், திரும்பி வருபவை ஏஏ 55 என்று தலைகீழாகவும் தொடங்குகின்றன. சிறு கட்டளைகளின் வாலில் 5 பிட் சரிபார்ப்பு எண்ணும், வேலைச் செய்திகளின் வாலில் 16 பிட் சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். சிப்பிடம் அதன் பெயரைக் கேட்டால், பதிலில் 13 97 என்றோ 13 70 என்றோ தன் எண்ணையே சொல்லும். அந்தப் பதில் முதன்முதலாகத் திரையில் வரும்போது உண்டாகும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

பெரிய மாற்றம் வேலையைக் கொடுக்கும் முறையில் இருக்கிறது. பிட்காயின் பிளாக்கின் தலைப்பு 80 பைட். ஷா-256 கணக்கு ஒரு தடவைக்கு 64 பைட்டை விழுங்கும். முதல் 64 பைட்டும், சரியான விடை கிடைக்கும்வரை மாற்றி மாற்றிப் பார்க்கும் நான்ஸ் எண் மாறுவதால் மாறுவதில்லை என்பதால், அதுவரைக்குமான இடைநிலை விடையை ஒருமுறை போட்டு வைத்துக்கொண்டால் போதும். பிஎம்1397-க்கு இந்த இடைநிலை விடைகளை, தலைப்பிலுள்ள வெர்ஷன் எண்ணின் வெவ்வேறு மதிப்புகளுக்காக நான்கு வரை, இஎஸ்பி32 தானே கணக்கிட்டு அனுப்ப வேண்டியிருந்தது. பிஎம்1366 முதல் அந்தப் பொறுப்பு சிப்புக்குள்ளேயே போய்விட்டது. முந்தைய பிளாக்கின் ஹேஷ், மெர்க்கிள் வேர் (பிளாக்கின் பரிவர்த்தனைகள் அனைத்தையும் சுருக்கிய ஹேஷ்), வெர்ஷன், நேரம் ஆகியவற்றை முழுமையாகக் கொடுத்துவிட்டால், வெர்ஷன் எண்ணில் எந்த 16 பிட்களை உருட்டலாம் (மாற்றி மாற்றிப் பார்க்கலாம்) என்று சொன்ன அளவுக்குள் சிப்பே உருட்டிக்கொள்ளும். அதனால் விடையும் நீண்டுவிட்டது: பிஎம்1397-இன் விடை 9 பைட், அதற்குப் பின் வந்தவற்றின் விடை 11 பைட். கூடுதலான இரண்டு பைட்டுகள், எந்த வெர்ஷனில் விடை கிடைத்தது என்பதைச் சொல்பவை. பழைய நிரலை வைத்துப் புதிய சிப்பை வாசித்தால் முதல் விடைக்குப் பிறகு எல்லாமே இரண்டு பைட் நகர்ந்து குழம்பிவிடும்.

அடுத்தது வேலை எண். விடை வரும்போது, எந்த வேலைக்கான விடை என்று தெரிய ஒரு பைட் வருகிறது. அதே பைட்டின் கீழ்ப் பிட்களில் எந்தச் சிறு கோர் கண்டுபிடித்தது என்பதும் ஒளிந்திருக்கும். பிஎம்1366-இல் 112 பெரிய கோர்கள், ஒவ்வொன்றிலும் எட்டுச் சிறு கோர்கள் என்ற அமைப்பு. எனவே கீழ் 3 பிட்கள் கோருக்கு, மேல் 5 பிட்கள் வேலை எண்ணுக்கு. பிஎம்1370-இல் 128 பெரிய கோர்கள், ஒவ்வொன்றிலும் பதினாறு. எனவே 4 பிட்கள் கோருக்குப் போய்விடுகின்றன. 112-ஐ எட்டால் பெருக்கினால் 896, 128-ஐப் பதினாறால் பெருக்கினால் 2048 வர வேண்டும். ஆனால் உண்மை எண்கள் 894, 2040. விடுபட்டவை எங்கே போயின என்பது தயாரித்தவர்களுக்கே வெளிச்சம்.

சிப் தன் பெயரைச் சொல்கிறது. ஆனால் பூலுக்கு ஒரு ஷேர்கூட (பூல் ஏற்கும் விடை) போகவில்லை. ஏன்?

எங்களுக்கு இதில் நான்கு நாள் போயிற்று. சிப் சூடாகிறது, ஆம்பியர் ஏறுகிறது, விடைகளும் வருகின்றன. ஆனால் ஒவ்வொரு விடையையும் இஎஸ்பி32 சரிபார்த்துவிட்டுத் தவறு என்று தள்ளுகிறது. மின்னழுத்தக் குறைவு என்று எண்ணி 20 மில்லி வோல்ட் ஏற்றினோம், பிறகு இன்னொரு 20 ஏற்றினோம், பயனில்லை. கடைசியில் பார்த்தால், மேலே சொன்ன வேலை எண்ணைப் பழைய சிப்பின் முறைப்படி மேல் 5 பிட்களாகவே வெட்டிக்கொண்டிருந்தோம். விடை சரி, அதை ஒட்டிப் பார்த்த கேள்விதான் வேறு.

அதிலிருந்து நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம் இது: எல்லா விடைகளும் தவறென்றால் நிரலைப் பார்ப்போம், சில விடைகள் மட்டும் அவ்வப்போது தவறென்றால் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்ப்போம், விடைகளே வரவில்லையென்றால் எவ்வளவு கடினமான விடைகளை மட்டும் சிப் வெளியே சொல்ல வேண்டும் என்ற வரம்பை நிறுவும் ரெஜிஸ்டரைப் பார்ப்போம். அந்த ரெஜிஸ்டரில் ஒவ்வொரு பைட்டின் பிட்களையும் தலைகீழாகத் திருப்பி எழுத வேண்டும். திருப்ப மறந்தால், சிப் தான் கண்டுபிடித்தவற்றில் பெரும்பாலானவற்றை வெளியே சொல்லாமலேயே விழுங்கிவிடக்கூடும்.

அலைவெண்ணை எப்படி அமைப்பது?

போர்டிலிருக்கும் 25 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரைச் சிப்புக்குள் உள்ள பிஎல்எல் பெருக்கியும் வகுத்தும் தருகிறது. எடுத்துக்காட்டாக 168-ஆல் பெருக்கி, 2-ஆலும் 4-ஆலும் வகுத்தால் 525 கிடைக்கும். ஆனால் சிப்பை எழுப்பியவுடன் நேராக 525-க்குத் தாவக்கூடாது. ஆம்பியர் திடீரென ஏறும்போது ரெகுலேட்டர் ஒரு கணம் தடுமாறும். இஎஸ்பி-மைனர் 6.25 மெகாஹெர்ட்ஸ் படிகளாகத்தான் ஏற்றுகிறது. அதை விரைவுபடுத்துகிறோம் என்று படியைப் பெரிதாக்காமல் இருப்பது நல்லது.

கொங்கு நாட்டு வெயிலுக்கும் தூசிக்கும் இந்தப் போர்டு தாங்குமா?

இஎஸ்பி-மைனர் சிப்பின் வெப்பம் 75 டிகிரியைத் தாண்டினால் வேலையைக் கட்டுப்படுத்திவிடும். சிப்பின் வெப்பம் அறையின் வெப்பத்தோடு ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்றாக ஏறுகிறது. கோவையில் மார்கழி இரவில் 20 டிகிரி அறையில் 55 டிகிரி காட்டும் போர்டு, சித்திரை மதியத்தில் ஈரோட்டிலோ கரூரிலோ 40 டிகிரி அறையில் 75-ஐத் தொட்டுவிடும். ஆகவே குளிர்காலத்தில் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவு கட்டக்கூடாது. ஹீட் சிங்கைப் பெரிதாக்குவது, அல்லது கோடைக்கென்று அலைவெண்ணையும் மின்னழுத்தத்தையும் ஒரு படி குறைத்து வைப்பது என்று இரண்டிலொன்றைச் செய்ய வேண்டும். ரெகுலேட்டர் ஐசியின் வெப்பத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். பலரும் சிப்பின் எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

தூசி வேறு கதை. பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனுக்கு அடுத்த அறையில் வைத்தால், காற்றில் மிதக்கும் பஞ்சு இழைகள் ஹீட் சிங்கின் இடுக்குகளில் கம்பளம்போல் படிந்துவிடும். அப்படி ஓர் அறையிலிருந்து வந்த போர்டு ஒன்றைப் பார்த்தோம். ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தும் காற்று ஒரு துளியும் நுழையவில்லை. ஃபேனுக்கு முன்னால் நைலான் வலை கட்டி, வாரம் ஒருமுறை தட்டிவிடுவதே போதுமான மருந்து. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்தில் அறைக்குள் மண் தூசி வரும். அதற்கும் அதே வலைதான்.

மின்வெட்டும் குறை மின்னழுத்தமும் பாதிக்குமா?

தரமான அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்பதால் தோட்டத்துச் சாளைகளில் மாலையில் மின்னழுத்தம் தாழ்வது பெரிய பொருட்டில்லை. பக்கத்தில் போர்வெல் மோட்டார் எடுக்கும் கணத்தில் நிகழும் சடுதியான தாழ்வு, மலிவான அடாப்டரில் இஎஸ்பி32-ஐ மறுபடி எழ வைக்கும். அடிக்கடி மறுதொடக்கம் ஆகிறது என்று ஃபர்ம்வேரைக் குறை சொல்லும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். சுவரில் 20 வாட் என்றால் 60 நாளுக்கு 29 யூனிட் ஆகும். விவசாய இலவச மின் இணைப்பிலிருந்து இதை ஓட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அந்த இணைப்பு பாசனத்துக்கு மட்டுமே உரியது, ஓட்டக்கூடாது.

சிப்பை எங்கே வாங்குவது, எப்படி ஒட்டுவது?

தயாரிப்பாளர் தனி நபர்களுக்குச் சில்லறையாக விற்பதில்லை. பழுதான ஹேஷ் போர்டிலிருந்து கழற்றியவையோ, பழுது பார்க்கும் பாகமாக வெளிநாட்டு விற்பனையாளர்கள் அனுப்புபவையோதான் கிடைக்கும். கழற்றிய சிப்பின் அடியில் பழைய ஈயம் மேடாக நிற்கும். பின்னலால் ஒற்றி முழுவதும் சமமாக்காமல் ஒட்டினால் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். போர்டின் அடியில் சூடான தட்டும் மேலிருந்து ஹாட் ஏரும் இரண்டும் வேண்டும், ஏனென்றால் தரைத் தடம் வெப்பத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பேஸ்ட்டை ஸ்டென்சில் வைத்தே தடவுங்கள். கை அளவு நம்பகமானதன்று. மழைக்காலத்தில் பல நாள் திறந்து கிடந்த சிப்பானால், ஈரம் வெளியேற மிதமான சூட்டில் சில மணி நேரம் வைத்த பின்பே ஒட்ட வேண்டும்.

இரண்டு அல்லது நான்கு சிப்புகளை ஒரே போர்டில் வைக்கலாமா?

வைக்கலாம், ஆறு பிஎம்1366 கொண்ட ஹெக்ஸ் போர்டும், இரண்டு பிஎம்1370 கொண்ட ஜிடி போர்டும் இருக்கின்றன. சிப்புகள் சங்கிலியாக ஒன்றிடம் ஒன்று செய்தியைக் கடத்தும். ஒவ்வொன்றுக்கும் முகவரி கொடுத்து, தேட வேண்டிய எண் வெளியைப் பிரித்துத் தர வேண்டும். 5 வோல்ட்டில் அத்தனை ஆம்பியரைக் கொண்டுவருவது கடினம் என்பதால் ஜிடி 12 வோல்ட்டுக்கு மாறிவிட்டது. ஒற்றைச் சிப் போர்டு ஒரு மாதம் தடையின்றி ஓடும்வரை இதில் இறங்காதீர்கள்.

மாற்றிய வரைபடத்தை நாங்களே வைத்துக்கொண்டு போர்டை விற்கலாமா?

இஎஸ்பி-மைனர் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வெளியிடப்பட்டது. திருத்திய ஃபர்ம்வேரை ஏற்றிப் போர்டை விற்றால், வாங்கியவருக்குத் திருத்திய மூல நிரலையும் தர வேண்டும். வன்பொருள் வரைபடங்களோடு வரும் உரிமக் கோப்பையும் அச்சுக்குக் கொடுக்கும் முன் வாசித்துவிடுங்கள்.

இதில் வருமானம் வருமா?

தனியாக மைனிங் செய்தால் இது லாட்டரிச் சீட்டுக்கு நிகரானது. உலகம் முழுவதும் ஓடும் மொத்த வேகத்தை ஒரு ஸெட்டா ஹேஷ் என்று வைத்துக்கொண்டால், ஒரு டெரா ஹேஷ் என்பது அதில் நூறு கோடியில் ஒரு பங்கு. பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்ற கணக்கில், சராசரியாக 19,000 ஆண்டுகளுக்கு ஒரு பிளாக் கிடைக்கும். 2024 ஏப்ரல் முதல் ஒரு பிளாக்குக்கான பரிசு 3.125 பிட்காயின், அது நாளைக்கே விழவும் கூடும் என்பதுதான் பலரையும் பிடித்து வைத்திருக்கும் நம்பிக்கை. அப்படி விழுந்து விற்றால், 2022 முதல் நடைமுறையில் உள்ளபடி ஆதாயத்துக்கு 30 சதவீத வருமான வரி உண்டு. மைனிங் கருவிக்கும் மின்சாரத்துக்கும் ஆன செலவை அதில் கழிக்க இடமில்லை. தங்கம் சேர்ப்பதற்கு மாற்றாக இதைச் செய்ய எண்ணுகிறவர்களைத் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். 14 ஆம்பியரை ஒரு நகக்கண் அளவு இடத்துக்குள் தடுமாறாமல் கொண்டுசேர்க்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இதைவிட மலிவான பள்ளி இல்லை என்பது எங்கள் எண்ணம்.

புதிய போர்டுக்கு முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது எந்த வரிசையைப் பின்பற்றுகிறீர்கள்?

முதலில் சிப் ஒட்டாத போர்டு. மின்னோட்ட வரம்பு வைத்த பவர் சப்ளையை 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்தி, இஎஸ்பி32 எழுகிறதா, ரெகுலேட்டர் கேட்ட மின்னழுத்தத்தைத் தருகிறதா என்று பார்க்கிறோம். பிறகு சிப்புக்குப் பதிலாகப் அதிக வாட் தாங்கும் மின்தடைகளை இணைத்து 10 ஆம்பியர்வரை இழுத்து, மின்னழுத்தம் எவ்வளவு தாழ்கிறது என்று ஆஸிலோஸ்கோப்பில் குறித்துக்கொள்கிறோம். அதில் தேறிய போர்டில் மட்டுமே சிப்பை ஒட்டுகிறோம். ஒட்டிய பின், மின்சாரம் தரும் முன், கோர் தடத்துக்கும் தரைக்கும் இடையேயான மின்தடையை அளக்கிறோம். நல்ல சிப்பிலும் அது மிகக் குறைவாகவே காட்டும் என்பதால், ஷார்ட் என்று பயந்து கழற்றிவிடாமல், முன்பு ஓடிய போர்டின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். அடுத்து, ரீசெட் கம்பியைத் தாழ்நிலையில் பிடித்தபடி மின்னழுத்தங்களை ஏற்றி, அவை நிலைத்த பின் விடுவித்து, சிப்பின் பெயரைக் கேட்கிறோம். பெயர் வந்தால் 200 மெகாஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம், 400-இல் ஓர் இரவு. ஹீட் சிங்கின் திருகுகளை மறுநாள் காலையில் மீண்டும் ஒருமுறை முடுக்குகிறோம். சூட்டில் பேஸ்ட் படிந்து அவை எப்படியும் அரைச் சுற்றுத் தளர்ந்திருக்கும்.